ஒன்பது கட்டங்களில் ஒரு வீடு: பள்ளி ஓவியத் திட்டத்துக்குச் சித்திர நாவல் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில், அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 34 பேருக்கு எட்டு வாரம் நீளும் ஓவியத் திட்டம் ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது. எல்லோரும் ஒரே சித்திர நாவலை, அதாவது கட்டம் கட்டமாக வரைந்த படங்களால் சொல்லப்படும் முழுநீளக் கதையை, படிக்க வேண்டும். அதில் படங்கள் எப்படிக் கதை சொல்கின்றன என்பதைக் கவனித்து, அந்த முறையில் தம் சொந்தக் கதை ஒன்றை நான்கு பக்கங்களில் வரைந்து தர வேண்டும். வாரத்துக்கு 40 நிமிடப் பாடவேளை இரண்டு கிடைக்கும் என்பதால், ‘நூல் சிறியதாக இருக்கட்டும், சூழல் நிறைந்ததாக இருக்கட்டும்’ என்று இரண்டே நிபந்தனைகளை எழுதி வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினோம். அந்த இரண்டு சொற்களுக்கும் நாங்கள் கொண்டிருந்த பொருளே தவறு என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. எந்த நூலைத் தேர்ந்தோம், எவற்றை ஏன் தள்ளினோம், தேர்ந்த நூலைக் கொண்டு பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதை இதே வேலையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும் வகையில் எழுதுகிறேன்.

முந்தைய ஆண்டில் நடந்தது

இதே திட்டத்தை அதற்கு முந்தைய ஆண்டும் செய்து பார்த்திருந்தோம். சூழல் நிறைந்த கதை என்றால் இருட்டு, மழை, பாழடைந்த கட்டடம், ஆளற்ற தெரு என்றே அப்போது நான் நினைத்திருந்தேன். எங்கள் பகுதியில் இருப்பவருக்கு அந்த நினைப்பு தானாகவே வந்துவிடும். 1964 டிசம்பர் 22 இரவில் புயலில் அழிந்த தனுஷ்கோடியும், கூரையில்லாமல் நிற்கும் அதன் தேவாலயச் சுவர்களும் எங்கள் பிள்ளைகள் சிறுவயது முதல் பார்த்துப் பழகியவை. ஆகவே கறுப்பு மை நிறைந்த திகில் சித்திர நாவல் ஒன்றைக் கொடுத்து, தனுஷ்கோடியை அந்தப் பாணியில் வரையச் சொன்னேன்.

வந்து சேர்ந்த பக்கங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் இருந்தன. தேவாலயச் சுவர் கைப்பேசியில் கிடைத்த ஒரே புகைப்படத்திலிருந்து திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டிருந்தது. அதன் மேல் மின்னல், பக்கத்தில் வெள்ளை உருவம், கீழே அலை. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று பயமுறுத்தியதே தவிர, எந்தக் கட்டத்திலும் நின்று பார்க்க இடமில்லை. திருத்தி முடித்த பிறகு ஒரு மாணவியின் தாளில், மூன்றாம் பக்கத்தின் மூலையில், இரண்டு விரல் அகலத்தில் இருந்த சிறிய கட்டம் ஒன்று கண்ணில் பட்டது. மொட்டைச் சுவரின் மீது வலை காய்கிறது, கீழே மணலில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது, அவ்வளவுதான். யாருடைய செருப்பு, ஏன் ஒன்று மட்டும் என்ற கேள்வி எழுந்து, அந்த மணலின் வெப்பம் வரை நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, “அது சும்மா இடம் மிச்சம் இருந்துச்சு சார், அதான் போட்டேன்” என்றாள்.

அந்த மிச்ச இடத்தில்தான் நாங்கள் தேடிய சூழல் இருந்தது. கதையில் எதுவும் நடக்காத ஒரு கணத்தை அவள் நிறுத்தி வைத்திருந்தாள். சித்திரக்கதையின் இலக்கணத்தை ஆராய்ந்த ஸ்காட் மெக்லவுட், 1993இல் வெளியான தம் நூலில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்லும் வழிகளை ஆறு வகையாகப் பிரிக்கிறார். அவற்றுள் ஒன்று, காலம் நகராமல் ஒரே இடத்தின் வெவ்வேறு பகுதிகளைக் கண் சுற்றிப் பார்க்கும் வகை. ஜப்பானியச் சித்திரக்கதைகளில் அது அதிகம் என்றும் அவர் காட்டியிருக்கிறார். சூழல் என்பது பெரும்பாலும் இந்த வகையில்தான் பிறக்கிறது. பேய்க் கதையில் அது இல்லாமல் போகலாம். பானையில் நீர் கொதிக்கும் காட்சியில் அது இருக்கலாம். கதையின் பொருளைப் பார்த்து நூல் தேர்ந்ததே என் பிழை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் சித்திரக்கதை படித்து வளர்ந்த என் போன்றோருக்குச் சூழல் என்பது நிழல்தான். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது இரும்புக்கை மாயாவி. அதன் மூலத்தை வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பாதி முகத்தைக் கறுப்பில் மூழ்கடித்து மீதியை வெளிச்சத்தில் விடும் அவருடைய முறையை மெலிந்த தாளில் மங்கலாக அச்சாகியிருந்த பக்கங்களில் பார்த்துத்தான் நான் படம் வரையவே தொடங்கினேன். அந்தப் பற்று என் தேர்விலும் புகுந்துவிட்டது. பிள்ளைகளுக்கு நூல் தேடும்போது ஆசிரியர் தம் பால்ய விருப்பத்தை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டுத் தேடுவது நல்லது.

மாற்றி எழுதிய நிபந்தனைகள்

அடுத்த ஆண்டுக்கான தேர்வில் நூலகப் பொறுப்பைக் கவனிக்கும் தமிழாசிரியையும் சேர்ந்துகொண்டார். ‘சிறியது’ என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் எங்கள் தேடலையே மாற்றியது. பக்க எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். ஒரு பாடவேளையில் ஒரு பிள்ளை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து முடித்து, மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்ப நேரம் மிஞ்சுமா என்று பாருங்கள் என்றார். உரையாடல் நெருக்கமாக உள்ள 60 பக்க நூல் எங்கள் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மூன்று பாடவேளை பிடிக்கும்; சொல்லே இல்லாத நூல் அதைப் போல இரு மடங்கு பக்கம் இருந்தாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓவியத் திட்டத்துக்கு இரண்டாம் வாசிப்புதான் முக்கியம், ஏனெனில் முதல் வாசிப்பில் கதை மட்டுமே கண்ணில் படும்.

இரண்டாவதாக, நூலில் உள்ள படங்கள் எந்தக் கருவியால் வரையப்பட்டவையோ அந்தக் கருவி எங்கள் பிள்ளைகளின் கைக்கு எட்ட வேண்டும். கணினியில் வண்ணமிட்ட நூல்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றிலிருந்து எங்கள் வகுப்பில் யாரும் எதையும் செய்து பார்க்க முடியாது. 2பி, 4பி, 6பி பென்சில் (எண் கூடக் கூடக் கோடு கறுப்பாக விழும்), ரப்பர், கார்ட்ரிட்ஜ் தாள் எனும் தடித்த ஓவியத் தாள், இந்தியன் இங்க், தூரிகை இரண்டு: பள்ளியில் இருப்பது இவ்வளவே. மூன்றாவது, முந்தைய ஆண்டின் பாடம். நூலில் உள்ள உருவங்களைப் பார்த்து வரையாமல், நூலின் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளை தன் வீட்டை வரைய வழி இருக்க வேண்டும். வயதுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பரிசீலித்த நூல்கள்

பெல்ஜிய ஓவியர் ஃபிரான்ஸ் மாசரேலின் ‘தி சிட்டி’ முதலில் மேசைக்கு வந்தது. 1925இல் வெளியான அதில் 100 மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு சொல்கூடக் கிடையாது. ஒரு நகரத்தின் ரயில் நிலையம், தொழிற்சாலை, சவ ஊர்வலம், மாடி அறைகள் என்று கறுப்பு வெள்ளையில் போகும் அந்த நூலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. லினோலியத் தகட்டைச் செதுக்கி அச்செடுக்கத் தெரிந்த மேல்வகுப்பு மாணவருக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. ஆனால் கொலையும் பாலியல் வன்முறையும் அதில் மறைக்கப்படாமல் வருகின்றன என்பதால் 14 வயதுப் பிள்ளைகளின் கையில் முழு நூலாகக் கொடுக்க முடியாது. சில பக்கங்களை மட்டும் காட்டினால் அது சித்திர நாவலாக இராமல் படத் தொகுப்பாகிவிடும்.

ஒரிஜித் சென்னின் ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ நூலைத் தள்ள மனம் வரவில்லை. நர்மதைப் பள்ளத்தாக்கில் அணை வருவதையும் பழங்குடி மக்கள் இடம்பெயர்வதையும் சொல்லும் அந்த நூல் 1994இல் வந்தது. இந்தியச் சித்திர நாவல்களின் வரலாறு அதிலிருந்துதான் தொடங்குகிறது என்று பலரும் கருதுகிறார்கள். நீண்ட காலம் கிடைக்காமல் இருந்து, 2022இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் வழியாக மறுபடி வெளிவந்தது. பாணன் பாடும் படைப்புக் கதையை ஒரு விதமாகவும், செய்தியாளர் ஒருவரின் பயணத்தை வேறு விதமாகவும் அவர் வரைந்திருப்பதை வைத்தே ஒரு மாதம் பாடம் நடத்தலாம். எங்களுக்கு இடைஞ்சலாக இருந்தது அதன் ஆங்கில உரையாடல்தான். வரியை நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, பிள்ளைகளின் கண் படத்திலிருந்து என் முகத்துக்கு வந்துவிடுவதை இரண்டு பக்கம் படித்துக் காட்டியபோதே பார்த்தேன்.

ரேமண்ட் பிரிக்ஸின் ‘தி ஸ்நோமேன்’ 1978இல் வந்த சொல்லற்ற நூல். மை எல்லைக்கோடு இல்லாமல் வண்ணப் பென்சிலால் மட்டும் தீட்டியது. சிறு கட்டங்களாகப் போய்க்கொண்டிருக்கும் கதை, சிறுவனும் பனிமனிதனும் வானில் எழும்போது திடீரென்று விரிந்து பரவுவதைக் கவனிக்கச் சொன்னால் கட்டத்தின் அளவுக்கும் மூச்சின் அளவுக்கும் உள்ள உறவு எந்தப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். சென்னையின் தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலையும் எடுத்துப் பார்த்தோம். பஜ்ஜு ஷ்யாம், துர்காபாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூன்று கோண்டு பழங்குடி ஓவியர்களின் மரங்கள், கையால் செய்த கறுப்புத் தாளில் கையாலேயே திரையச்சு செய்யப்பட்டவை. தாளைத் தொட்டாலே மையின் மேடு விரலில் தட்டுப்படும். சூழல் அதில் நிறைய உண்டு. ஆனால் ஒவ்வொரு மரமும் தனிக் கதை என்பதால் கட்டத்திலிருந்து கட்டத்துக்குப் போகும் பாடம் அதில் கிடைக்காது.

ஷான் டானின் ‘தி அரைவல்’ நூலை நாங்கள் கடைசியாகத்தான் எடுத்தோம். 128 பக்கம் என்பதால் ‘சிறியது’ என்ற பட்டியலிலேயே முதலில் அதைச் சேர்க்கவில்லை. ஷான் டான் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தை, மலேசியாவிலிருந்து கட்டடக் கலை படிக்க மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். 2006இல் வெளியான இந்த நூல், குடும்பத்தை விட்டுப் பிழைப்புத் தேடி அயல்நாடு செல்லும் ஒருவனின் கதையை ஆறு அத்தியாயங்களில், பென்சில் படங்களால் மட்டுமே சொல்கிறது. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளின் பழைய புகைப்படங்களை அவர் பார்த்து வரைந்திருக்கிறார்; அச்சிலும் பழைய ஆல்பத்தின் பழுப்பும் சாம்பலும் பக்கத்துக்குப் பக்கம் மாறி வருகின்றன. புதிய நாட்டின் பலகைகளிலும் சீட்டுகளிலும் எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் அவை உலகில் எந்த மொழியின் எழுத்தும் அல்ல. கதாநாயகனுக்குப் புரியாதது வாசிப்பவருக்கும் புரியாது. ஆங்கிலவழிப் பிள்ளையும் தமிழ்வழிப் பிள்ளையும் இந்த நூலின் முன் ஒரே தரையில் நிற்கிறார்கள் என்பதைத் தமிழாசிரியைதான் முதலில் கவனித்துச் சொன்னார்.

சோதனை வாசிப்பு

முடிவை நாங்கள் இருவர் மட்டும் எடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். ஆறு மாணவர்களை நூலகத்தில் உட்கார வைத்து, பிரிக்ஸின் நூலையும் ஷான் டானின் நூலையும் தனித்தனி நாளில் கொடுத்தோம். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எந்தப் பக்கத்தில் கை நிற்கிறது, எந்தப் பக்கத்துக்குத் திரும்பி வருகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம். இந்த எளிய வழியைப் பிற பள்ளிகளுக்கும் பரிந்துரைப்பேன். நூல் பிடித்ததா என்று கேட்டால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். கை அப்படிச் சொல்லாது.

பனிமனிதன் கதையை எல்லோரும் பத்து நிமிடத்துக்குள் முடித்து, புன்னகையோடு மூடி வைத்தார்கள். ஒருவன் மட்டும் கடைசிப் பக்கத்தில் உருகிக் கிடந்த பனியையும் தொப்பியையும் பார்த்துவிட்டு முதலிலிருந்து மறுபடி புரட்டினான். ‘தி அரைவல்’ வந்த நாளில் தொடக்கமே வேறு மாதிரி இருந்தது. “சார், இதுல எழுத்தே இல்லையே, எங்கேருந்து படிக்கிறது?” என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்லாமல் இருந்தோம். சிறிது நேரத்தில் ஆறு பேரும் அமைதியாகிவிட்டார்கள். நான்கு பேர் 40 நிமிடத்துக்குள் கடைசிப் பக்கத்தைத் தொட்டுவிட்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினார்கள். மூவரின் கை நின்ற இடம் ஒன்றுதான்: நூலின் முதல் பக்கம்.

அந்தப் பக்கத்தில் வரிசைக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள் உள்ளன. காகிதத்தில் மடித்த பறவை, கடிகாரம், ஆணியில் தொங்கும் தொப்பி, பாத்திரம், குழந்தை கிறுக்கிய படம், தேநீர்க் குடுவை, கோப்பை, திறந்திருக்கும் பெட்டி, குடும்பப் புகைப்படம். மனிதர் எவரும் நேரில் இல்லை. அடுத்த பக்கத்தில் ஒரு கை வந்து அந்தப் புகைப்படத்தை எடுக்கும்போதுதான் யாரோ புறப்படுகிறார் என்பது தெரிகிறது. எங்கள் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. வளைகுடா நாடுகளில் அப்பாவோ அண்ணனோ மாமாவோ இல்லாத வீடு வகுப்பில் குறைவு; பெட்டி கட்டுவது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நூல் அன்றே முடிவாகிவிட்டது. ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. இரண்டாம் அத்தியாயத்திலிருந்து விசித்திர உயிரினங்களும் பறக்கும் கலங்களும் கூம்புக் கட்டடங்களும் வந்துவிடுகின்றன. அவற்றைக் கண்ட மாத்திரத்தில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து வரையத் தொடங்கிவிடுவார்கள். தனுஷ்கோடித் தேவாலயச் சுவருக்கு நேர்ந்ததே இங்கும் நேரும். ஆகவே வகுப்பறைப் பாடத்துக்கு முதல் அத்தியாயம் மட்டும் என்றும், மீதி ஐந்தையும் நூலகத்தில் அவரவர் விருப்பப்படி படிக்கட்டும் என்றும் தீர்மானித்தோம். வீட்டில் தொடங்கி ரயில் நிலையத்து விடைபெறலைச் சொல்லும் அந்த அத்தியாயம் அளவாலும் எங்கள் வேலைக்குப் பொருந்தியது. தெருவில் நடக்கும்போது சுவர்களின் மீது விழும், முள் நிறைந்த ஏதோ ஒரு பெரிய வாலின் நிழலைத் தவிர அதில் எல்லாமே நாம் அறிந்த பொருள்கள்.

பிரதி கிடைப்பதுதான் நடைமுறைச் சிக்கல். பள்ளி நிதியில் இரண்டு பிரதிகள் வாங்கினோம். வகுப்பில் பயன்படுத்துவதற்காகச் சில பக்கங்களை மட்டும் படியெடுத்துக்கொண்டோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதை மீறலாகக் கொள்வதில்லை. அப்படி இருந்தும் முழு நூலையும் ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. பென்சிலின் சாம்பல் நிற அடுக்குகள் ஜெராக்ஸில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிதைந்துவிடும். எதைப் பார்ப்பதற்காக இந்த நூலைத் தேர்ந்தோமோ அதுவே காணாமல் போகும். ஐந்து பேர் சேர்ந்து ஒரு மேசையில் மூல நூலைப் பார்ப்பது மேல்.

எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் யாரும் கதை வரையவில்லை. வீட்டில் உள்ள ஒன்பது பொருள்களைப் பார்த்து, ஒவ்வொன்றையும் தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் வரைந்து வரச் சொன்னேன். இரண்டே விதி: மனிதர் முகம் கூடாது, எழுத்து கூடாது. அந்த ஒன்பதைப் பார்ப்பவருக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஏறக்குறையத் தெரிய வேண்டும், முழுதாகத் தெரிந்துவிடவும் கூடாது. 

அடுத்த நாளே ஒரு மாணவன் வந்து, “எங்க வீட்ல யாரும் எங்கயும் போகல சார், நான் என்ன வரையிறது?” என்றான். நியாயமான கேள்வி. நூலின் பொருளே பிரிவு என்பதால் பிரிவை மட்டுமே வரைய வேண்டும் என்று நான் சொல்லாமல் சொல்லிவிட்டிருந்தேன். அவனுடைய சித்தப்பா டீக்கடை வைத்திருக்கிறார்; இரவில் கடை அடைக்கும் நேரத்தை எடுத்துக்கொள் என்றேன். கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர்கள், பாதி இறங்கிய ஷட்டர், அணைத்த அடுப்பின் மேல் ஈரத் துணி, கல்லாப்பெட்டியில் எண்ணி முடித்த சில்லறை என்று அவன் வரைந்த ஒன்பது கட்டங்களில் கடைசியில் இருந்தது, தரையில் சிந்திய பாலைத் தேடி வந்த பூனையின் வால் மட்டும். வகுப்பில் அமைதி மிகுந்த பக்கம் அதுவே.

தாளின் நிறத்தில்தான் பாடுபட்டோம். நூலின் பழுப்பைப் பார்த்த பிள்ளைகள் தங்கள் தாளும் அப்படியே வேண்டும் என்றார்கள். டீத்தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டிய நீரில் தாளை நனைத்துக் காயவைத்தோம். முதல் தொகுதி முழுவதும் வீணாயிற்று. கடற்காற்றில் தாள் சரியாகக் காயாமல் நெளிந்துபோனது. நீரில் ஊறிய தாளின் மேற்பரப்பில் நார் எழுந்து, 4பி பென்சில் போன இடமெல்லாம் பஞ்சு போலத் திரிந்தது. பிறகு தாளை நனைக்காமல், அகலத் தூரிகையால் ஒரே ஒரு முறை மெல்லத் தீற்றி, பாதி காய்ந்த நிலையில் நூலகத்து அட்லஸ்களுக்கு அடியில் ஒரு இரவு அழுத்தி வைத்தபோது தாள் சீராக வந்தது. டீயின் பழுப்பு வெள்ளையைக் கொஞ்சம் இறக்கிவிடுவதால், படத்தில் மிக வெளிச்சமான இடத்துக்கு வேறு வழியில்லாமல் போகிறது. அதை ரப்பரால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. இந்தச் சிரமத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. வெளிச்சத்தை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே யோசிக்காமல் இனி ஒரு கட்டமும் வரைய முடியாது என்பதைப் பிள்ளைகள் கையால் உணர்ந்துகொண்டார்கள்.

கட்டங்களின் இடைவெளியை நான் போதிய அளவு கற்பிக்கவில்லை என்பதை ஐந்தாம் வாரத்தில் உணர்ந்தேன். பலர் கட்டங்களுக்கு இடையே அளவுகோலால் ஒரே கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள். கோட்டை எடுத்துவிட்டு அரை விரற்கடை வெற்றிடம் விட்டபோது, அதே படங்கள் மூச்சுவிட்டன. அந்த வெற்றிடத்தில்தான் காலம் போகிறது என்று சொல்லிப் புரியவைப்பதைவிட, ஒரு பக்கத்தை வெட்டி, கட்டங்களை மேசையில் நெருக்கியும் தள்ளியும் அடுக்கிக் காட்டுவது விரைவில் புரிந்தது.

வந்த பக்கங்கள்

34 பேரில் 29 பேர் நான்கு பக்கங்களையும் முடித்தார்கள். அவற்றில் இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு மாணவனின் அப்பா விடுப்பு முடிந்து மறுபடி சவுதி புறப்பட்ட இரவுதான் அவன் கதை. நைலான் கயிறு கட்டிய பெட்டி, அதைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு, கருவாட்டுப் பொட்டலம், இட்லிப்பொடி டப்பா, மாங்காய் ஊறுகாய் பாட்டில், சுவர்க் கடிகாரம், வாசலில் ஒரு ஜோடிப் புதுச் செருப்பு என்று முதல் பக்கம். இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் தராசின் முள் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. எடை கூடிவிட்டது, எதையாவது வெளியே எடுத்தாக வேண்டும். யாருடைய முகமும் தெரியாமல், கைகள் மட்டும் பெட்டிக்குள் போய் வருகின்றன. அம்மாவின் கையில் வளையல், அப்பாவின் கையில் கைக்கடிகாரம், நடுவில் ஒரு சிறுவனின் கை. கடைசியில் ஊறுகாய் பாட்டில் வெளியே வருகிறது. நான்காம் பக்கம் மறுபடி ஒன்பது கட்டம்: முதல் பக்கத்தில் பொருள் இருந்த இடங்களில் இப்போது வெறும் தரை, வெறும் ஆணி, வெறும் வாசல், சமையலறை அலமாரியில் அந்த பாட்டில் மட்டும் நிற்கிறது. ‘தி அரைவல்’ நூலின் கடைசி அத்தியாயமும் முதல் பக்கத்தின் ஒன்பது கட்டங்களைப் புதிய நாட்டின் பொருள்களால் மறுபடி அடுக்கித்தான் தொடங்குகிறது. அவன் அந்த அத்தியாயத்தை நூலகத்தில் படித்திருக்கிறான். நான் அதை வகுப்பில் ஒரு முறையும் சொல்லவில்லை. உருவத்தை விட்டு முறையை எடுத்துக்கொள்வது என்று நாங்கள் நிபந்தனையில் எழுதியது இதைத்தான்.

இன்னொரு மாணவி, கடலுக்குப் போன அப்பா திரும்பும் விடியலை எடுத்துக்கொண்டாள். நூலின் கப்பல் பயணத்தில் இரண்டு பக்கம் நிறைய, சிறுசிறு கட்டங்களில் மேகங்கள் மட்டுமே வந்து நாள்கள் கழிவதைச் சொல்லும் ஓர் இடம் உண்டு. அதைப் பார்த்து, அதிகாலை மூன்று மணி முதல் ஆறு மணி வரை கரையிலிருந்து தெரியும் வானத்தைப் பன்னிரண்டு கட்டங்களில் வரைய முயன்றாள். எண்ணம் சிறந்தது. ஆனால் எல்லாக் கட்டத்திலும் 6பி பென்சிலை விரலால் தேய்த்துப் பரப்பியதால் பன்னிரண்டும் ஒரே கருமையில் வந்து, விடியவே இல்லை. முதலில் வெளிச்சம் மிகுந்த கடைசிக் கட்டத்தையும், பிறகு இருள் மிகுந்த முதல் கட்டத்தையும் வரைந்து எல்லையைக் கட்டிக்கொண்டு, இடையில் உள்ள பத்தையும் பிறகு நிரப்ப வேண்டும் என்று நான் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வெளிறியதிலிருந்து கருமை வரை பென்சிலின் ஏழு சாம்பல் அடுக்குகளையாவது தனித்தனியாகப் போடத் தெரிந்த பிறகே கதைக்குள் போயிருக்க வேண்டும். இது அவளுடைய குறை அன்று. என் பாடத்திட்டத்தின் குறை.

முடிக்காத ஐவரில் மூவர் தாள் வீணான முதல் தொகுதியில் தம் பக்கங்களை இழந்தவர்கள். மறுபடி தொடங்க அவர்களுக்கு மனம் வரவில்லை. தாளைத் தயாரிக்கும் சோதனையை ஆசிரியர் முதலில் தனியே செய்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளின் படத்தில் கைவைக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் இதே நூல்தான் என்று முடிவு செய்திருக்கிறோம். வரிசையில் மட்டும் மாற்றம் உண்டு. முதல் வாரம் சாம்பல் அடுக்கு; இரண்டாம் வாரம் வானம் மட்டும், பன்னிரண்டு கட்டம், ஒருவருக்கு ஒரு நாளின் ஏதேனும் மூன்று மணி நேரம்; அதன் பிறகே வீட்டின் ஒன்பது பொருள்கள். வானம் வரைந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். தேர்வு நெருக்கடி தொடங்குவதற்கு முன் அந்தப் பன்னிரண்டு கட்டங்களை மறுபடி வரைந்து பார்க்கிறேன் என்று சொல்லி, டீ தீற்றிய தாள் நான்கு கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள்.